பாதிக்குப் பாதி

"உங்க அம்மா வீட்டு வழியில வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்ததாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, வசந்தாமணி கொஞ்சமும் யோசிக்காமல் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் கணவன் வெள்ளியங்கிரி துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் பேனா போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய மகன் சரவணமுத்து சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். ஏழு வயது. நாற்காலியில் உட்கார வைத்தால் இறங்குவது சிரமம் என்று அவனே தரையைத் தேர்ந்துகொண்டான்.

அது 1983ஆம் வருஷம், ஆவணி மாதம். பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று மெட்ராசுக்கு வந்திருந்தார்கள். பையனுக்குத் தசை நலிந்துபோகும் வியாதி என்று சொல்லி, சேலத்தில் பார்த்த டாக்டர்தான் இந்த ஆசுபத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வசந்தாமணிக்கு அப்போது வயிற்றில் நான்காவது மாதம்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் அவர்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆண் என்றால் ஒரு கட்டம், பெண் என்றால் ஒரு வட்டம். வெள்ளியங்கிரி ஒரு கட்டம், வசந்தாமணி ஒரு வட்டம், இருவரையும் சேர்த்து ஒரு கோடு. அதற்குக் கீழே சரவணமுத்துவின் கட்டம். அதை மட்டும் பேனாவால் முழுக்கக் கறுப்பாக்கியிருந்தார்.

பிள்ளைக்கு நான்கு வயது நடந்தபோதே வசந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் ஆத்தாயி பேரனுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அவன் கெண்டைக்காலைத் தட்டித் தட்டிப் பெருமைப்படுவாள். "பாரு, எப்பிடித் தெரண்டு கெடக்குதுன்னு. சிலம்பம் சுத்தறவனாட்ட!" வசந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படித் திரண்டு உருண்ட கெண்டைக்காலை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஒரு நாள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்தபோது, முதலில் கையையும் காலையும் தரையில் ஊன்றினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்ததைத் தொடையில் வைத்தான். தன் உடம்பின் மேலேயே ஏறி ஏறி நிமிர்வது போல நிமிர்ந்தான். வசந்தாமணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுடைய தம்பி சின்னுசாமியும் அப்படித்தான் எழுந்தான்.

அவள் பிறந்த ஊரான எருமப்பட்டியில் எல்லோரும் அதை இளம்பிள்ளை வாதம் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி வைத்தவள் அவர்கள் அம்மா சென்னியம்மாள். ஒன்பது வயதில் சின்னுசாமிக்கு நடை நின்றது. அதன் பிறகு இரண்டு வருஷம் வசந்தாமணிதான் அவனை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். பதினேழு வயதில், ஒரு சளிக்காய்ச்சலில், மூச்சை இழுக்க நெஞ்சுக்கு வலுவில்லாமல் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருஷமே பரமத்தி வேலூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கொடிக்கால் வைத்து வெற்றிலை வெள்ளாமை செய்கிற நல்ல குடும்பம். வந்தவர்கள் செத்த பையனைப் பற்றி விசாரித்தார்கள். "வாதத்துல போனானுங்க," என்றாள் சென்னியம்மாள். அவர்கள் போன பிறகு மகளைச் சாமி விளக்குக்கு முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினாள்.

"என்ற அண்ணனுங்க ரெண்டு பேரும் இப்பிடியேதான் போனாங்கங்கற பேச்சு உன்ற வாயில வரப்படாது. வெளக்கத் தொட்டுச் சொல்லு. உனக்குப் பின்னால ஒருத்தி இருக்கறா. நாளைக்கு அவளையும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணும்."

பின்னால் இருந்தவள் தங்கை சௌந்திரம். அப்போது அவளுக்குப் பத்து வயது. வசந்தாமணி விளக்கைத் தொட்டாள்.

இப்போது வெள்ளியங்கிரி தானாகவே வாயைத் திறந்தான். "இவ தம்பி ஒருத்தன் இருந்தானுங்க. நடக்க மாட்டாமத்தான் இருந்தான். ஆனா அது எளம்புள்ள வாதமுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து வசந்தாமணியைப் பார்த்தார். "எந்த வயசுல வந்ததும்மா?"

"ஒரு வயசுலங்க. காய்ச்சல் வந்து..."

"அதுக்கு முன்னாடி நடந்தாரா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "அப்படின்னா இது உங்க பையனுக்கே புதுசா வந்ததாக்கூட இருக்கலாம். அடுத்த குழந்தைக்கு வரும்கற பயம் கொஞ்சம் குறைவு. வரவே வராதுன்னு சொல்லமாட்டேன்."

வெள்ளியங்கிரி பெருமூச்சு விட்டான். பல மாதமாகப் பார்க்காத ஒரு தெளிச்சி அவன் முகத்தில் வந்தது. "அது போதுமுங்க," என்றான். பையனை ரத்தப் பரிசோதனைக்குக் கீழே கூட்டிப்போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்ததும், சரவணமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு வேகமாகப் படி இறங்கினான்.

வசந்தாமணியும் எழுந்தாள். "நீங்க உட்காருங்க," என்றார் டாக்டரம்மா. கதவைச் சாத்திவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல், வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"உங்க தம்பி கடைசிக் காலத்துல தன் கையாலேயே சாப்பிட்டாராம்மா?"

பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. வசந்தாமணி அதற்கும் ஒரு பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"நாந்தானுங்க ஊட்டி உட்டேன்," என்றாள். "கை மேல வராதுங்க. சோத்தப் பெசஞ்சு வாயில வெச்சாலும் முழுங்கறதுக்குள்ள மூச்சு வாங்கும். புரட்டிப் படுக்க வெக்கோணும்னாலும் என்னையத்தான் கூப்புடுவான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் அண்ணன்மார் இருவரையும் சொன்னாள். டாக்டரம்மா தாளை எடுத்து மேலே இரண்டு கட்டம் போட்டுக் கறுப்பாக்கினார். சின்னுசாமிக்கும் ஒரு கட்டம் போட்டுக் கறுப்பாக்கினார்.

"இது பெண்கள் வழியா வர்ற வியாதி," என்றார். "சுமக்கறவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உங்க அம்மாவுக்கோ உங்களுக்கோ எந்தக் குறையும் இல்லை பாருங்க. ஆனா பிறக்கற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி. பொண்ணா இருந்தா வியாதி வராது, அவளும் உங்களை மாதிரி சுமக்கறவளா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யார் பாவமும் இல்லைம்மா இது. யாரும் செஞ்ச தப்பும் இல்லை."

"வகுத்துல இருக்கறதுக்கு?"

வயிற்றுக்குள் ஊசி போட்டு, பிள்ளையைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். நூற்றில் ஒருத்திக்கு அதனாலேயே கரு கலைந்துபோவதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "அதுல பையனா பொண்ணான்னு மட்டும்தான் தெரியும். பையன்னா, அவனுக்கு இந்த வியாதி இருக்கா இல்லையான்னு பாக்க இன்னிக்கு உலகத்துல எங்கேயும் வழி இல்லை. அதுக்கப்புறம் வெச்சுக்கறதும் வேண்டாம்கறதும் உங்க ரெண்டு பேர் முடிவு. செய்ங்கன்னும் சொல்லமாட்டேன், செய்யாதீங்கன்னும் சொல்லமாட்டேன். சட்டப்படி இருபது வாரத்துக்குள்ள முடிவு பண்ணணும்."

எழுந்து போய்க் கதவைத் திறப்பதற்கு முன் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றனுங்க."

ஆசுபத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடை இருந்தது. பையனை அதில் உட்கார வைத்துவிட்டு, அவன் காதில் விழாத தூரத்தில் நின்று சொன்னாள். வெள்ளியங்கிரி கடைசி வரை கேட்டான்.

"கலியாணத்துக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியுமுங்க. இது எனக்குள்ளயும் இருக்கும்னு தெரியாது. தம்பிக்கு வந்தது வாதமில்லைன்னு தெரியும்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போனான். முகத்தைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான். பின்னால் குடத்தோடு நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தான். திரும்பி வரும்போது கையில் பையனுக்கு ஒரு பன்னும் டீயும் இருந்தன. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஊசி என்னைக்குப் போடறாங்கன்னு கேட்டுட்டு வா."

ஒரு சத்திரத்தில் நான்கு நாள் தங்கி அதையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

ஆத்தாயி ஊசி விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பயந்துபோனாள். சேலத்தில் இப்படி ஊசி போட்டுப் பார்த்துப் பொட்டைப் பிள்ளையென்றால் கலைத்துவிடுகிறார்கள் என்று கொடிக்காலுக்கு வரும் பெண்கள் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருந்தது. "பொட்டப்புள்ளையா இருந்தாலும் இருக்கட்டும், சாமி. நாம அந்தப் பாவத்தச் செய்ய வேண்டாம்," என்று மகனிடம் சொன்னாள். ஆனால் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கற்பூரம் காட்டும்போது, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற மருமகளுக்குக் கேட்கும்படியே, "நடக்கற பையனா ஒண்ணக் குடு, ஆயா," என்று வேண்டிக்கொண்டாள். வசந்தாமணி அதே கற்பூரத்தைப் பார்த்துப் பெண்ணைக் கேட்டாள். அம்மன் யார் சொல்லைக் கேட்பாள் என்று அவளுக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

முடிவு கேட்க வெள்ளியங்கிரி தனியாகப் போனான். இரண்டாம் நாள் சாயங்காலம், சேலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவனை வாசலிலேயே ஆத்தாயி நிறுத்தினாள்.

"என்னன்னாங்க?"

"பையனாமா."

ஆத்தாயி உள்ளே ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள். வசந்தாமணி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளியங்கிரி அம்மா நீட்டிய சர்க்கரையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வாயில் போடவில்லை.

அப்புறம்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது, மருமகள் மறைத்ததற்கு ஆத்தாயி ஒரு பாட்டம் திட்டினாள். சம்பந்தியம்மாள் ஏழு தலைமுறைக்கும் விளங்கமாட்டாள் என்றாள். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். "பாதின்னுதான சொல்றாங்க? மிச்சம் பாதி நல்லபடியா இருக்கறதுதான? பொட்டன்னு தெரிஞ்சு கலைக்கறவளப் பாத்திருக்கறேன். பையன்னு தெரிஞ்சு கலைக்கறவ ஒலகத்துல உண்டா?"

அந்த வாரம் வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பதாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தது. முதலில் குமிழி உடைவது போல, அப்புறம் மீன் திரும்புவது போல. அசையும் கால் எந்தப் பாதியில் சேர்ந்தது என்று அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கவனிப்பாள். சின்னுசாமியும் வயிற்றில் இப்படித்தான் உதைத்திருப்பான். அம்மாவும் இப்படிக் கை வைத்துப் பார்த்திருப்பாள். ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரு நாள் காலையில் சரவணமுத்து கிணற்றடியில் குளித்துவிட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தான். அவள் தூக்கப் போனபோது, "வேண்டாம்மா, நீ தூக்காதே. உள்ள இருக்கற தம்பிக்கு வலிக்கும். அப்பாவக் கூப்புடு," என்றான். தம்பி என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. ஆத்தாயியாகத்தான் இருக்கும். வெள்ளியங்கிரி தோட்டத்தில் இருந்தான். அவன் வந்து சேரும்வரை அம்மாவும் மகனும் ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனவள், கொடிக்கால் வரப்பில் அவனுக்குப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் மெட்ராசுக்குப் போறனுங்க."

அவனுக்குப் புரிந்தது. உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தான். "நல்லவனா இருந்தா?"

"நல்லவனாவும் இருக்கலாமுங்க."

"அப்பறம்?"

"நீங்க முத்துவப் பாக்கறீங்க. இன்னும் எந்திரிக்கறான், நடக்கறான், கோவிச்சுக்கறான். நான் அதுக்கு மேல பாத்துட்டு வந்தவ. ஒவ்வொண்ணா நிக்கும். ஒவ்வொண்ணு நிக்கறப்பவும் அவனுக்குத் தெரியும். கடேசி வருசம் எந்தம்பி என்னையக் கேட்டான், 'அக்கா, அடுத்தாப்புல என்ன நிக்கும்?'னு. முத்து கேக்கறதுக்கு நான் பதில் வெச்சுக்கோணும். இன்னொருத்தனும் கேட்டா என்னால ஆகாதுங்க."

வெள்ளியங்கிரி இலையை மடித்து ஓரமாகத் தள்ளினான். அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிகள் அசையாமல் நின்றன. "எனக்கு அந்தப் பையன் வேணும்னுதான் இருக்குது," என்றான் கடைசியில். "சொல்லாம இருக்க முடியல. சொல்லிப்போட்டேன். சொமக்கறவ நீ. நானும் கூட வாரேன்."

மெட்ராசில் முதல் நாள் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் வலி கண்டது. அது பிரசவ வலியேதான். யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. வலி விட்ட பிறகு எந்தச் சத்தமும் இல்லாததுதான் வேறாக இருந்தது. ஆசுபத்திரி ஆயா துணியில் சுற்றி எடுத்துப் போகும்போது, வசந்தாமணி கேட்டாள், ஒருமுறை காட்டச் சொல்லி. ஆயா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார்.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். விரல்கள் இருந்தன. முகத்தில் வெள்ளியங்கிரியின் நெற்றி இருந்தது, அல்லது இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

"நல்லா இருந்தானுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து சொல்ல முடியாதும்மா. பிறந்து மூணு வயசு வரைக்கும் எந்தப் பையனையும் பாத்து சொல்ல முடியாது."

அங்கேயே கருத்தடை ஆபரேஷனையும் செய்துகொண்டாள். வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டான்.

ஊர் திரும்பியதும் ஆத்தாயி ஒரு மாதம் அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. தானே தனியாகப் பொங்கிக்கொண்டாள். மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்று ஒருமுறை பேச்செடுத்தாள். "அம்மா, அந்தப் பேச்ச உடு," என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. மாதம் போய் ஒரு நாள் ஆத்தாயி தட்டை எடுத்து வந்து மருமகள் முன்னால் உட்கார்ந்தாள்.

சென்னியம்மாள்தான் அடங்கவில்லை. எருமப்பட்டியிலிருந்து வந்து இறங்கியவள் வாசல் படி ஏறாமலே கத்தினாள். "வெளக்கத் தொட்டியே, பாவி! சௌந்திரத்துக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பேசி முடிச்சிருக்கறேன். இப்ப ஊரெல்லாம் நாறிப்போச்சு."

"அவியளுக்குச் சொல்லிப்போடும்மா. அவளுக்கு இருக்குதோ இல்லையோ தெரியாது. தெரியாதுன்னாச்சும் சொல்லிப்போடு."

"என்ற வாயால சொல்லமாட்டேன்."

அவள் சொல்லவில்லை. வசந்தாமணி தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். இருபது வயதுப் பெண் கண் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம், தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அக்காவிடம் அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நிச்சயம் நின்றுபோனது. அதற்குப் பிறகு சௌந்திரம் வசந்தாமணி வீட்டுக்கு வரவில்லை. ஒரு பொங்கலுக்குக்கூட வரவில்லை. "சொன்னது சரிதான், அக்கா. ஆனா உன்ற மொகத்தப் பாத்தா எனக்கு அதான் நெனப்பு வருது," என்று ஒரு இன்லண்டு லெட்டர் மட்டும் எழுதினாள். மூன்று வருஷம் கழித்துப் புதுச்சத்திரத்தில், முதல் மனைவியைப் பறிகொடுத்திருந்த காளியப்பன் என்கிற வாத்தியார், விஷயம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டார். பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

சரவணமுத்து பத்து வயதில் நடையை விட்டான். பள்ளிக்கூடம் போய்வர வெள்ளியங்கிரி சைக்கிளில் பின்னால் ஒரு சாய்மானம் வைத்துக் கட்டினான். பையன் கணக்கில் கெட்டிக்காரன். பன்னிரண்டாவது வயதில் ஒரு நாள், வசந்தாமணி பயந்திருந்த கேள்வியையே வேறு மாதிரி கேட்டான். "மாமனுக்கு எந்த வயசுல கை போச்சும்மா?" பதினாலு என்று உள்ளதைச் சொன்னாள். "அப்ப எனக்கு ரெண்டு வருசம் இருக்குது," என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினான்.

1989 சித்திரையில் டாக்டரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு வருஷமாக விலாசத்தை வைத்திருந்திருக்கிறார். இந்த வியாதியைப் பற்றி வெளிநாட்டில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், குடும்பத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் யார் சுமக்கிறார்கள், யார் சுமக்கவில்லை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம், வயிற்றில் இருக்கும் பையனுக்குக்கூட இனிமேல் பார்க்க முடியும் என்று எழுதியிருந்தது. அதற்கு வியாதி உள்ள பையனின் ரத்தம் கட்டாயம் வேண்டும். "உங்கள் தங்கைக்குப் பயன்படலாம். சரவணமுத்துவைக் கூட்டி வர முடியுமா?"

பயணம் பையனுக்குச் சிரமம். அவனிடமே கேட்டார்கள். "சின்னம்மாவுக்குத் தெரியோணுமில்ல? போலாம்," என்றான்.

வெள்ளியங்கிரி புதுச்சத்திரம் போய்ச் சௌந்திரத்தையும், எருமப்பட்டி போய் மாமியாரையும் அழைத்தான். சென்னியம்மாள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. சேலம் ரயில்வே நிலையத்தில் துணிப்பையோடு முதல் ஆளாக நின்றிருந்தாள். சௌந்திரம் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான். வண்டியில் சரவணமுத்துவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கழுத்து சாயாமல் தன் தோளைக் கொடுத்தாள்.

ஆசுபத்திரியில் டாக்டரம்மா அதே தாளை எடுத்து விரித்தார். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. சென்னியம்மாளுக்கு ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டியவள், ஊசி ஏறும்போது, தாளில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கறுப்புக் கட்டங்களைக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்டாள்.

"உங்க அண்ணன்மார்மா. ரெண்டு பேர்."

"மூணு பேருங்க," என்றாள் சென்னியம்மாள். "எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். நான் பொறக்கறதுக்கு முந்தியே ஒம்பது வயசுல கெணத்துல உழுந்து செத்துப்போனான். தவறி உழுந்தான்னுதான் சொல்லுவாங்க. நடக்க மாட்டாதவன் கெணத்து வரைக்கும் எப்பிடிப் போனான்னு எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்ல." மகள்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு இன்னொரு கட்டம் போட்டார்.

எல்லோரும் வெளியே போன பிறகு வசந்தாமணி மட்டும் திரும்பி வந்தாள்.

"அன்னைக்கு... அந்தப் புள்ளையோட ரத்தம், எதாச்சும் எடுத்து வெச்சிருக்கறீங்களா?"

டாக்டரம்மாவுக்கு உடனே விளங்கியது. கண்ணாடியைக் கழற்றினார். "இல்லைம்மா. அப்போ அதை வெச்சு என்ன பண்றதுன்னு எங்களுக்கே தெரியாது."

"எடுத்து வெச்சிருந்தா இப்பத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

"சரிங்க," என்றாள் வசந்தாமணி. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் வெள்ளியங்கிரி பையனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். என்ன கேட்கப் போனாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பை அவளிடம் நீட்டினான்.

ஆவணியில் சௌந்திரம் கையில் கடிதத்தோடு வந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். கடிதத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அவள் சுமக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"நல்லதுடி," என்றாள் வசந்தாமணி.

"அந்தத் திருச்செங்கோட்டு மாப்பிளைக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க, அக்கா." சௌந்திரம் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "எனக்கு ஒண்ணுமே இருந்ததில்ல. ஆறு வருசம் நான் பயந்ததெல்லாம் சும்மா. உன்ற கூடப் பேசாம இருந்ததும் சும்மா."

அக்காவும் தங்கையும் அழுதார்கள். ஆத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பில் எரிந்த விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டுப் போனாள். உள்ளே இருந்து சரவணமுத்து, "சின்னம்மா வந்திருக்குதா?" என்று குரல் கொடுத்தான்.

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தன் வலது கையை இடது கையால் தூக்கி வாய்க்குக் கொண்டுபோக முயன்று, பாதியில் நின்றிருந்தான்.

"இன்னைக்கு நானே சாப்பிட்டறலாம்னு பாத்தேன்," என்றான்.

"நாளைக்குச் சாப்புடு, சாமி," என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் தட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.